நாலாவது ஆளுக்கு ஒரு கல்லு

வைக்கோல் மேல பள்ளம் இருந்துச்சி.

கோவர்த்தனன் அரிக்கேன் விளக்கைத் தாழ்த்திப் புடிச்சிப் பார்த்தான். கொஞ்ச நேரம் முன்னாடிதான் அவனே கையால பிரிச்சிப் பரப்பின வைக்கோல். மாங்கா சீசன்ல பங்காருபாளையத்துல இருந்து காய் ஏத்துற வேன் அது. எவ்வளவு கழுவினாலும் பலகையில இருந்து அழுகின பழ வாசனை போகாது. அதுக்கு மேல வைக்கோல் வாசனை, அதுக்கும் மேல இப்ப புதுசா ஈர மண்ணு வாசனை. டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி மூலையில, முழங்கால மடக்கிக்கினு ஒரு சின்னப் புள்ள ஒருக்களிச்சிப் படுத்து எழுந்தா எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு பள்ளம். உள்ள கைய வச்சான். சில்லுனு ஈரம். பூனை படுத்திருந்தா சூடு இல்ல இருக்கணும்?

வைக்கோலைக் கிளறி சமமாக்கி உட்டுட்டு வீட்டுக்குள்ள வந்தான். பொண்டாட்டி தாட்சாயணி கிட்ட ஒண்ணும் சொல்லல. அவ இன்னைக்குத்தான் வர்றேன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கா. அதைக் கெடுத்துக்க அவனுக்கு மனசில்ல.

ஆந்திரா தனி ராஜ்யம் ஆனதுல இருந்து சித்தூர்ல வேற பேச்சே கிடையாது. தலைநகரம் கர்நூல். ஆபீஸ் குமாஸ்தாங்கள அங்க மாத்திக்கினே இருந்தாங்க. அங்க கட்டடம் பத்தல, டேரா அடிச்சி அதுக்குள்ளதான் ஆபீஸு, அதுக்குள்ளதான் குடித்தனம்னு போனவங்க வந்து சொன்னாங்க. கூட வேலை பண்ற கிருஷ்ணப்பா, "சர்க்கஸ்ல சேர்ந்துட்டப்பா நீ. அங்க சிங்கத்துக்கு நம்ம அரவத் தமிழு புரியாது, தெலுங்குல பேசு"ன்னு சொல்லி சிரிச்சான். கோவர்த்தனனும் சிரிச்சி வச்சான். நகரியில பொறந்து வளர்ந்தவன், திருப்பதிக்கு அந்தாண்ட போனதில்ல. பயமா இருந்தாலும் ஆர்டர் கையில வந்தப்ப உள்ளுக்குள்ள நிம்மதியாத்தான் இருந்துச்சி. தாட்சாயணிய அந்த ஆத்தங்கரையில இருந்து பேத்தெடுத்துக்கினு போக வேற வழி இல்ல அவனுக்கு.

அவங்களுக்கு ஒரே பொண்ணு. அலர்மேல்மங்கைன்னு பேரு, கூப்புடுறது பாப்பா. திருப்பதிக்கு வேண்டிக்கினு முடி எறக்காமலே வளர்த்தாங்க, இடுப்பு வரைக்கும் தொங்கும். தை மாசம் போய் மொட்ட போட்டுடலாம், தாட்சாயணியோட அண்ணன் சின்னசாமி அவன் வேனைக் கொண்டாறேன்னு எல்லாம் பேசி வச்சிருந்தாங்க. ஐப்பசியில ஜொரம் வந்துச்சி. சின்னப் புள்ளைய எரிக்கக் கூடாதுன்னு நீவா ஆத்தங்கரையில பொதைச்சாங்க. நரி கிரி தோண்டிடப் போவுதுன்னு சின்னசாமிதான் தலமாட்டுல ஒரு கல்லை வச்சி மஞ்சள் தடவினான்.

அதுல இருந்து தாட்சாயணி தினமும் சாயங்காலம் அங்க போவா. மார்கழி பொறந்து பனி கொட்ட ஆரம்பிச்சதும் வீட்டுல இருந்த கம்பளியக் கொண்டு போய் மண்ணு மேல போத்திட்டு வந்தா. கர்நூல்னு எடுத்தாலே ஒரே பதில்தான். "இந்தக் குளுருல பாப்பாவத் தனியா உட்டுட்டு நான் எப்படி வர்றது?" அவன் அவளுக்குத் தெரியாம கொல்லையில நின்னுதான் அழுவான்.

இன்னைக்குக் காலையில சின்னசாமி வேனோட வந்து எறங்கினான். காபிய ஊதிக் குடிச்சிக்கினே போற வழியெல்லாம் சொன்னான். பீலேரு, ராயச்சோட்டி, அப்புறம் கணவாய் ஏறி எறங்கினா கடப்பா, நந்தியால், கர்நூல். விடியறதுக்குள்ள கிளம்பிடணும், பனியில ரோடே தெரியாது, மெதுவாத்தான் போவணும். இஞ்சின் சூடு ஆறாம இருக்க முன்னாடி கோணி கட்டணும். பனி படியாம கண்ணாடியில தேய்க்கப் புகையிலை வேணும். தாட்சாயணி சம்மதிப்பான்ற நம்பிக்கையில அவளுக்குப் பின்னாடி படுக்க இடம் உட்டு சாமான் ஏத்தணும்.

எல்லாம் கேட்டுட்டு கோவர்த்தனன் தயங்கித் தயங்கி சொன்னான், மூணு பேரா கிளம்புறது நல்லதில்ல, ஒரு கல்லைக் கூட எடுத்துக்கலாம்னு. அவங்க வீட்டுல அது வழக்கம். கல்லை நாலாவது ஆளுன்னு வச்சிக்கினு கிளம்பணும், ஊர் எல்லை தாண்டினதும் வெளியில போட்டுடணும்.

"கர்நூலுக்குக் கல்லு கொண்டு போறியா மாப்ளே? அங்க விளையறதே அது ஒண்ணுதான்"னு சின்னசாமி சிரிச்சான்.

அப்பத்தான் தாட்சாயணி வாசப்படியில வந்து நின்னா. எல்லையில போட்டுடணும்னு முன்ன பேசினது அவ காதுல விழல. கல்லுன்றது மட்டும்தான் கேட்டுச்சி.

"கல்லு வந்தா ஆளு வந்த மாதிரியா?"

"ஆமா. நாலாவது ஆளு கணக்கு."

"அப்ப நான் கொண்டாறேன். நானும் வர்றேன்."

அவனுக்கு இருந்த சந்தோஷத்துல எங்க இருந்து கொண்டாறன்னு கேக்கணும்னு தோணல. மதியத்துக்கு மேல போனவ பொழுது சாயறப்ப மார்போட ஒரு மூட்டைய அணைச்சிக்கினு வந்தா, முந்தானையெல்லாம் ஈரம். முதல்ல வேனுக்குள்ள ஏறி அந்த மூலையில கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு, அப்புறம் மூட்டையோட எறங்கி அடுப்பங்கரைக்குப் போனா. எத்தனையோ நாள் கழிச்சி புளிச்சோறு கிளறினா. நாலு இலையில கட்டினா. அவன் பார்க்கறதப் பார்த்துட்டு, நாலாவது ஆளு துன்ன வேணாமான்னு கேட்டு சிரிச்சா. அவ சிரிச்சிப் பார்த்து எவ்வளவு நாளாச்சி. போவட்டும்னு உட்டுட்டான்.

விடியக்காலையில கிளம்பினாங்க.

பனின்னா அப்படி ஒரு பனி. வேனோட விளக்கு வெளிச்சம் ரெண்டு முழத்துக்கு மேல போவாம பஞ்சுல குத்தின மாதிரி நின்னுச்சி, மரம் எது மனுஷன் எதுன்னு தெரியல, பல்லு தானா கிட்டிக்கிச்சி. சின்னசாமி முன்னாடி தனியா உட்கார்ந்து தலைய வெளிய நீட்டி நீட்டி ஓட்டினான். பின்னாடி வைக்கோல்ல, அந்த மூலையில, மூட்டையக் கட்டிப் புடிச்சிக்கினு தாட்சாயணி படுத்திருந்தா. வேன் ஆடுற ஆட்டத்துல அப்படியே தூங்கிட்டா. ஐப்பசிக்கு அப்புறம் அவ நிம்மதியாத் தூங்கி இன்னைக்குத்தான் பார்க்கறான். வாய் லேசாத் தொறந்திருந்துச்சி. அவனுக்குக் கண்ணு கலங்கிப் போச்சி.

எல்லையம்மன் கோயில் தாண்டியாச்சின்னு முன்னாடி இருந்து சின்னசாமி குரல் குடுத்தான்.

அவ எழுந்துக்காதபடிக்கு மெதுவா அவ கைக்குள்ள இருந்து மூட்டைய உருவினான். கனம். மேல ஏதோ கம்பளித் துணி. அது வழியாவும் சில்லுப்பு உள்ளங்கையில ஏறுச்சி, உரிச்ச கோழியத் தொட்ட மாதிரி. பின்பலகைக்கு மேல தூக்கி வெளியில போட்டான்.

சத்தம் வரல.

கல்லு ரோட்டுல விழுந்தா சத்தம் வரணுமே. காத உட்டுக் கேட்டான். இஞ்சின் சத்தம்தான். கைய வேட்டியில தொடைச்சான், ஏதோ பிசுபிசுன்னு இருந்துச்சி. மோந்து பார்த்தான். மண்ணு. கற்பூரம்.

மஞ்சள்.

பாப்பா தலமாட்டுக் கல்லு.

அப்பத்தான் கேட்டுச்சி. ஈர ரோட்டுல சின்னச் சின்ன வெறுங்கால். தப் தப் தப்புன்னு. பனிக்குள்ள, பின்னாடி. கொஞ்சம் நின்னு மூச்சி வாங்கும். மறுபடியும் ஓடியாரும்.

"மாப்ளே, பின்னாடி யாரோ புள்ள ஓடியாறாப்பல இருக்குது. நிறுத்தட்டா?"

"நிறுத்தாத."

"புள்ளயா இருக்குதே மாப்ளே."

"ஓட்டு."

வேன் வேகம் புடிச்சிச்சி. காலும் வேகம் புடிச்சிச்சி. தடுக்கி விழுந்த சத்தம். எழுந்த சத்தம். அப்புறம் அந்தக் குரல். ஜொரத்துல கரகரத்த அதே குரல்.

"நைனா. குளுருது நைனா."

அவன் காதப் பொத்திக்கினான். பொத்தின கையில மஞ்சள் வாசனை.

தாட்சாயணி முழிச்சிக்கினு இருந்தா. மடியத் தடவினா. வைக்கோலத் தடவினா. கத்தல. அவனையே பார்த்தா.

"பாப்பாவ எங்க உட்ட?"

அவன் சின்னசாமி பக்கம் திரும்பினான். நிறுத்துன்னு சொல்லணும், நாக்கு எழல. பின்பலகை மேல பனி கொஞ்சம் விலகுச்சி. அஞ்சு விரலு. சின்ன விரலு. நகத்துக்கு அடியில எல்லாம் மண்ணு. அதுக்குக் கீழ, பலகைக்கு அந்தாண்ட, எறக்காத முடி ஈரமாக் காத்துல அடிச்சிக்கினு இருந்துச்சி. கால் ரெண்டும் வேன் வேகத்துக்கு ஓடிக்கினே இருக்குது, தப் தப் தப் தப்.

தாட்சாயணி மெதுவா நகர்ந்து அந்த மூலையில இடம் உட்டா. போர்வையோட ஒரு ஓரத்தைத் தூக்கிப் புடிச்சிக்கினு, அவனைப் பார்த்து, "கை குடுத்து ஏத்தி உடு"ன்னா.

வேன் ஓடிக்கினே இருந்துச்சி. அவன் கை மடியிலயே கிடந்துச்சி. பலகை மேல ஒரு விரலு வழுக்கிச்சி. இன்னொண்ணு.