கண்ணாடி தட்டும் சத்தம்

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் சாயங்காலம் திரும்பியபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டு ஜன்னல்கள் அத்தனையும் விரியத் திறந்து கிடந்தன. ஒரு தூறல் விழுந்தாலே ஓடி ஓடிச் சாத்துகிற மனைவி, ஒன்றுமே நடக்காதது போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ தட்டிக்கிட்டே இருந்தாங்க. அதான் திறந்தேன்."

மூன்றாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே நிற்க இடமே இல்லை.

பள்ளிக்கூட வேன் ஓட்டியவர் அவர். மழையில் வழுக்கி வேன் ஏரிக்குள் இறங்கிய அன்று, கைக்கு அகப்பட்ட பிள்ளைகளையெல்லாம் இழுத்துக் கரையில் போட்டார். கடைசி சீட்டுச் சிறுமியை மட்டும் முடியவில்லை. பின்கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தட்டிக்கொண்டே இருந்தாள், பிறகு தட்டவில்லை.

அதற்கப்புறம் கண்ணை மூடினால் அந்தச் சத்தம்தான். பக்கத்து வீட்டில் ஆணி அடித்தால்கூட உடம்பெல்லாம் வேர்த்து, கட்டிலுக்கடியில் போய் ஒடுங்குவார். மனநல டாக்டரம்மா கொடுத்த மாத்திரை மெல்ல மெல்லத்தான் கேட்டது. இப்போது பச்சைப்பிள்ளை போலத் தூங்குகிறார். "நல்லா தேறிட்டீங்க. நீங்களா நிறுத்திடாதீங்க" என்று இன்றைக்கும் டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார்.

ஆனால் தட்டுகிற சத்தத்தைப் பற்றி மனைவியிடம் அவர் வாய் திறந்ததே இல்லை.

"எப்பலேர்ந்து கேக்குது?"

"நீங்க நல்லா தூங்க ஆரம்பிச்சீங்களே, அப்பலேர்ந்து."

ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு போனார். வீடு முழுக்கப் பாசி வாடை. ஏரித் தண்ணீரை வாயில் அடக்கியது போல நாக்கெல்லாம் சேற்றின் கசப்பு. படுக்கையறை ஜன்னலைச் சாத்தித் திரும்பினார்.

மனைவி கூடத்தில் முழங்காலிட்டிருந்தாள். கையில் துண்டு. எதிரே யாருமில்லை. தலை துவட்டுகிறாள். வெறும் காற்றை. துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அழக்கூடாது கண்ணு. வந்துட்டாரு பாரு."

பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவள் குரல் இப்படிக் குழைந்து அவர் கேட்டதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒன்றுமில்லை. மாத்திரை தந்த அமைதி.

"என்ன... என்ன சொல்றா?"

"கதவை ஏன் திறக்கலைன்னு கேக்குறா."

அவர் தரையில் சரிந்தார். "இழுத்தேன்மா. கை கிழியிற வரைக்கும் இழுத்தேன். முடியல."

மனைவி கையை எடுத்துக்கொண்டாள். துண்டு விழவில்லை. அந்தரத்தில் நின்றது. ஈரத்துணி மெல்ல உள்ளே ஒட்டியது. மூக்கு. கன்னம். சின்ன வாய்.

வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

அவருக்கு எதுவும் கேட்கவில்லை.