அஸ்தம் நட்சத்திரத்துக்கு ஒரு வாரம் முன்பு

அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை. கணவன் அருள்குமாரின் பிறந்தநாளை ஒரு வாரம் முன்பே நினைவூட்டும்படி அனுப்ரியா போனில் போட்டு வைத்திருந்தாள். ஐப்பசி மாதம், அஸ்தம் நட்சத்திரம். அந்த வாரமும் பிறந்துவிட்டது, போன் வாயைத் திறக்கவில்லை.

போன வருடம் மறந்துபோய் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் ஆறவில்லை. தப்பு யார் மேல்? அந்த மனிதனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பிறந்தநாள் ஒன்று, உண்மையில் பிறந்த தேதி ஒன்று, கோயிலில் அர்ச்சனை செய்கிற நட்சத்திரப் பிறந்தநாள் ஒன்று. மாமியார் ஞானாம்பாளுக்குக் கடைசியில் சொன்னதுதான் பிறந்தநாள். அதுவோ வருடா வருடம் தேதி மாறும். போனுக்கு நட்சத்திரமா தெரியும்? பஞ்சாங்க ஆப்பைப் பார்த்துப் பார்த்து, வரப்போகும் வருடங்களுக்கும் சேர்த்து அவளே உட்கார்ந்து போட்டாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷிப்மென்ட் தேதிகளைக் கட்டி மேய்க்கிறவளுக்குப் புருஷன் பிறந்தநாள் தண்ணி காட்டியது.

காலண்டரைத் திறந்தாள். இந்த வருடப் பதிவையே காணோம். அடுத்த வருடத்தது இருந்தது, ஆனால் அவள் போட்ட நாளில் இல்லை. அதற்கடுத்ததும் அப்படியே இடம் மாறியிருந்தது.

"சனியனே" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் பழைய இடத்துக்கு நகர்த்தி, இந்த வருடத்ததைப் புதிதாகப் போட்டாள். கீழ்த்தளத்துப் பனியன் யூனிட்டில் ஓவர்லாக் தையல் மெஷின்கள் இரைந்துகொண்டிருக்க, அயர்ன் மேசையின் ஆவி சூடான பனியன் துணியின் வாசனையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வழியே ஏறிவர, மழை இருட்டில் அறை மூலைகள் நேரத்துக்கு முன்பே கறுத்துப் போயிருந்தன. மூடித் திறந்து பார்த்தாள். எல்லாம் மறுபடியும் அந்த வேறு தேதிகளில் போய் உட்கார்ந்திருந்தன. இந்த வருடத்தது மறுபடி இல்லை.

எரிச்சலோடு கணவனை அழைத்தாள். சோமனூருக்குத் துணி பார்க்கப் பைக்கில் போயிருந்தான்.

"மாமா, என்ர காலண்டர்ல கை வெச்சீங்களா?"

"நான் எதுக்கு அதுல கை வெக்கறேன்? வண்டிய எடுத்துட்டேன் அனு. மழை வலுக்குது. ஊட்டுக்கு வந்து பேசிக்கலாம், பசி உசுரு போகுது."

அவனுக்கென்ன, பேசிவிட்டு வைத்துவிட்டான். அவளுக்கு அழுகையே வந்தது. மறுபடி நகர்த்தினாள். மறுபடி போனது. அப்போது கரண்ட் போயிற்று. மெஷின்களெல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. மழைச் சத்தம் மட்டும் மிச்சம்.

அப்படி என்னதான் அந்தத் தேதிகளில் இருக்கிறது? பஞ்சாங்க ஆப்பில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். கிழமை வேறு வேறு. நட்சத்திரமும் ஒத்துப்போகவில்லை. ஒரே ஒரு வரி மட்டும் எல்லா வருடத்திலும் ஒன்றாக இருந்தது. ஐப்பசி, தேய்பிறை சப்தமி.

"அத்தை, ஐப்பசி தேய்பிறை சப்தமிக்கு நம்மூட்ல ஏதாச்சும் விசேஷமுங்களா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இல்லியே கண்ணு. யாருக்குத் திதி?"

"திதி இல்லீங்க அத்தை, பொறந்தநாளு."

"பொறந்தநாளுக்கு நட்சத்திரந்தான பாக்கோணும்? திதி பாக்கறது செத்துப்போனவிங்களுக்கு."

அனுப்ரியாவுக்குத் தெரியாததா? மாமனார் அர்த்தநாரிக்கு அப்படித்தான் செய்கிறார்கள். அவர் திதியன்று மொட்டைமாடிச் சுவரின் மூலையில் அத்தை சோறு வைப்பார். காக்கை வந்து தொட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு இலை.

அடுத்த வருடம் உண்டு. அதற்கடுத்த வருடமும் உண்டு. இந்த வருடம் மட்டும் இல்லை. இந்த வருடம் செத்தவருக்கு முதல் திதி அடுத்த வருடம்தானே வரும்?

போன் வெளிச்சத்தைச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் தாளின் மேல் அடித்தாள்.

தேய்பிறை சப்தமி. இன்று.

கணவனை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மறுபடி. மணியே போகவில்லை.

டவர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். மழை முகத்தில் அறைந்தது. தெரு முழுக்க இருட்டு. தூரத்தில் ஒரு பைக் வெளிச்சம் திரும்பியது. முருகா, வந்துவிட்டான். வெளிச்சம் வீட்டை நெருங்கியது. நிற்காமல் போய்விட்டது.

"அனு."

அவன் குரல். பின்னாலிருந்து. உடம்பெல்லாம் சந்தோஷம் பாய, திரும்பினாள். மாடிக் கதவில் யாரும் இல்லை.

"சோறு வெக்கிறியா? பசிக்குது."

குரல் கதவுப் பக்கமிருந்து வரவில்லை.

சுவரின் மூலை. அத்தை சோறு வைக்கிற இடம். அந்தக் குறுகலான சுவர்மேல் குந்தியிருந்தான். கால்விரல்கள் விளிம்பைக் கவ்வியிருந்தன. கொட்டுகிற மழையில் சட்டை நனையவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தான்.

ஓரடி பின்வாங்கினாள்.

படியில் காலடி ஏறி வந்தது. தட்டில் கரண்டி உரசும் சத்தம்.

"அருளு கொரல் கேட்டுதே, வந்துட்டானா கண்ணு? சோறு கொண்டாந்துட்டேன்."

அவன் தலையைச் சட்டென்று அந்தப் பக்கம் திருப்பினான். பிறகு இரண்டு காலையும் சேர்த்து, சுவர்மேல் ஒரு தத்து தத்தி முன்னே வந்தான்.