காலி என்று எழுதிய அட்டை

மே மாதம் முடிந்தால் அரிசோனாவில் யூமா ஊருக்கு வெளியே இருக்கும் இந்தப் பொட்டல்வெளியில் ஈ காக்கை இருக்காது. குளிருக்குப் பயந்து வந்து வண்டிகளை நிறுத்திய கூட்டமெல்லாம் வடக்கே போய்விடும். மிஞ்சுவது நானும் பக்கத்து டிரெய்லரில் ரமோனாவும்தான்.

என் வீடு ஒரு பழைய ஸ்கூல் பஸ். ஏலத்தில் எடுத்தேன். சீட்டுகளைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கம் கட்டில், நடுவில் அடுப்பு என்று நானே அமைத்துக்கொண்டேன். எல்லாம் சரி, அந்தப் பழைய ஏசி மட்டும் எமன். பின்கூரையில் பெட்டி மாதிரி தொங்கும், எஞ்சின் ஓடினால்தான் ஓடும், ஓடினாலும் குளிராது. புளித்த பாலும் ஈரத் துணியும் கலந்த ஒரு வாடை மட்டும் வரும்.

அதை மாற்றியே ஆகவேண்டும் என்றானது என் முன்னாள் மனைவி ஷெல்பியால். கோடையில் ஒரு வாரம் மகள் ஓபலை என்னோடு விடுவாள். இந்த வருடம் போனில் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"அந்தத் தகர டப்பாக்குள்ள கெடந்து என் பிள்ள வேகணுமா கர்டிஸ்? நல்ல ஏசியா போடு. அப்புறம் அனுப்பறேன்."

அந்த ஒரு வாரத்தை நினைத்துக்கொண்டுதான் மீதி வருடத்தை ஓட்டுகிறேன். சரி என்றேன்.

மெக்கானிக் ஒருவர் வந்து ஏசியிலிருந்த கேஸை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போனார். பெட்டியை இறக்க ரமோனா கைகொடுத்தாள். ஸ்கூல் பஸ் ஓட்டியே ரிட்டயர் ஆனவள். கையும் இரும்பு, வாயும் இரும்பு.

"ஏம்ப்பா, இதத் தூக்கறதுக்கே மூச்சு வாங்கறியே, பிள்ளையத் தூக்கிக் கொஞ்சுவியா?"

"நீங்க அந்த மூலையப் பிடிங்க, அப்புறம் பேசுவோம்."

மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு அட்டை விழுந்தது. மடித்துச் சொருகியிருந்தார்கள். விரித்தால், பெரிய எழுத்தில் 'காலி'.

ரமோனாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது பின் கண்ணாடியில மாட்டறது. டிரிப் முடிஞ்சதும் பின்னாடி வரைக்கும் நடந்து, ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலயும் குனிஞ்சு பாக்கணும். எதாவது பிள்ள தூங்கிட்டிருக்கும். யாரும் இல்லன்னாதான் இத மாட்டணும். சோம்பேறிப் பசங்க சிலபேரு நடக்காமலே மாட்டிட்டுப் போயிடுவானுங்க."

"அதுக்கா அந்த பஸரு? எஞ்சின நிறுத்தினா கத்தும், பின்னாடி போயி பட்டன அமுக்கினாத்தான் ஓயும். சனியன், வயர வெட்டி எறிஞ்சிட்டேன்."

"வெட்டிட்டியா?" என்றாள். அட்டையைத் தொடவே இல்லை.

பெட்டியை வெளியே மணலில் வைத்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

கழுத்தில் சில்லென்று காற்று பட்டது.

திரும்பினேன். குழாய்கள் அறுந்து கிடந்தன. கேஸ் இல்லை, கரண்ட் இல்லை. ஆனாலும் அதன் வாயிலிருந்து காற்று வந்தது. கொஞ்சம் வரும், நிற்கும். மறுபடி வரும்.

தூங்குகிற குழந்தை மூச்சு விடுவது போல.

"ரமோனா..."

"கேக்குது. பேசாத," என்று கிசுகிசுத்தாள்.

அன்றைக்கே பழைய இரும்பு எடுப்பவனைக் கூப்பிட்டு அதை ஏற்றி அனுப்பினேன். கூரையில் புது ஏசி போட்டேன். ஜெனரேட்டரில் ஓடியது. பஸ் குளுகுளுவென்றானது. அந்தச் சந்தோஷத்தில், வேடிக்கையாக இருக்கட்டுமே என்று அந்த அட்டையைப் பின் கண்ணாடியில் ஒட்டினேன். காலையில் அது கட்டிலுக்கு அடியில் குப்புறக் கிடந்தது. பசை காய்ந்திருக்கும் என்று மறுபடி ஒட்டினேன். மறுபடியும் கிடந்தது. எனக்கும் வீம்பு. கண்ணாடிச் சட்டத்தோடு ஸ்க்ரூ போட்டு முறுக்கிவிட்டேன்.

ஓபல் வந்தாள். முன்பல் விழுந்த வாயோடு ஓயாமல் பேசினாள். கட்டிலுக்கு அடியில் போர்வையை விரித்து அதுதான் தன் வீடு என்றாள். எனக்குப் புது உயிர் வந்தது போலிருந்தது.

ஒரு மத்தியானம், "ரமோனா வீட்டுக்குப் போறேன்ப்பா," என்று ஓடினாள். நான் பின்பக்க நிழலில் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். முடித்ததும் ஜெனரேட்டர் ஆறட்டும் என்று நிறுத்தினேன். அண்ணாந்து பார்த்தால் கண்ணாடியில் 'காலி'. முன்பக்கம் வந்தேன். புழுதி போகாமலிருக்கக் கதவைப் பூட்டிவிட்டு நானும் ரமோனா வீட்டுக்கு நடந்தேன்.

ரமோனா பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தாள். ஓபல் உள்ளே ரமோனாவின் நாயோடு விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு சாவகாசமாகக் குடித்தேன்.

அப்போதுதான் அது கத்த ஆரம்பித்தது.

பஸர்.

ரமோனாவின் மடியிலிருந்த பீன்ஸ் தரையில் கொட்டியது.

"அது உன் பஸ்ஸு."

"அதுல வயரே இல்லையே!"

"ஓபல் எங்க?"

"இங்கதான வந்தா..."

"அப்பவே திரும்பிட்டாளேப்பா!"

எப்படி ஓடினேன் என்று தெரியாது. கதவைத் திறந்தால் அடுப்பைத் திறந்தது போல அனல். பஸர் காதைக் கிழித்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். ஓபல் போர்வையில் சுருண்டு கிடந்தாள். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

பஸர் நின்றது.

நான் பின்பக்கம் வரை நடந்து, குனிந்து பார்த்த பிறகுதான் நின்றது.

ரமோனா வீட்டில் ஈரத்துணி சுற்றி, தண்ணீரைத் துளித்துளியாகப் புகட்டினோம். கண்ணைத் திறந்தாள். என் அப்பனே, என் தெய்வமே என்று வாய்விட்டு அழுதுவிட்டேன்.

"அழாதப்பா," என்றாள் ஓபல். "அவன் என் நெத்தியில கைய வச்சிட்டே இருந்தான். ஜில்லுன்னு இருந்துச்சு."

"யாருடா கண்ணு?"

"அடியில இருக்கறவன். அவன யாரும் வந்து பாக்கவே இல்லையாம்."

ரமோனா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஷெல்பியிடம் மறைக்க மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன். மறுநாளே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இனிமே கிடையாது கர்டிஸ்," என்று மட்டும் சொன்னாள். கார் புழுதிக்குள் மறையும்வரை ஓபலின் கை ஜன்னலில் ஆடியது.

அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் எனக்கு என்ன இருக்கிறது? ரமோனாவும், "விட்டுட்டுப் போயிடுப்பா, அது உன் வீடு இல்ல," என்றாள். துணிமணிகளைப் பெட்டியில் அடைத்தேன். ஜெனரேட்டரை அவளிடம் கொடுத்தேன். 'காலி' அட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டேன். சாயங்கால வெயில் இன்னும் எரித்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தி, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

பின்னால் பஸர் கத்தியது.

போய்விடு என்று கால்கள் சொல்லின. நடந்தேன். அது ஓயவில்லை. என் மகளுக்காகக் கத்திய அதே குரல். அன்றைக்கு நான் ஓடிவந்தேன். அடியில் இருக்கிற அவனுக்காக ஒருநாளும் ஒருவரும் ஓடிவரவில்லை.

திரும்பிப்போய்க் கதவைத் திறந்தேன். பின்பக்கம் வரை நடந்தேன். மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். ஓபலின் போர்வை மட்டும்தான் இருந்தது.

"இருக்கியா?" என்றேன்.

பஸர் நின்றது.

பெட்டியைப் பிரித்துத் துணிகளை மறுபடி அடுக்கினேன். வெளியே தகரம் தொட்டால் சுடுகிற வெயில், கூரையில் ஏசி ஓடவில்லை. "நாளைக்கும் வந்து பாக்கறேன், தூங்கு," என்று அடியில் பார்த்துச் சொன்னேன். சொன்னபோது என் வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்தும் கொஞ்சம் வந்தது.