இரண்டு நொடி இரைப்பு

மூன்றாவது முறையாக ஒலியைத் துடைத்த பிறகும், கல்யாண வீடியோவில் மணமகனின் தந்தை பேசுகிற இடத்தில், பேச்சுக்கு அடியில் அந்த இரைப்பு கேட்டது.

எடிட்டருக்கு அது புதிய சத்தமல்ல. கேம்கார்டரின் மைக், எதிரே பேசுகிறவரைவிடப் பின்னால் நிற்பவரின் மூக்குக்குத்தான் பக்கம். பின்னால் நின்று படமெடுத்த அவன் அத்தான், அக்காவின் புருஷன், ஆஸ்துமாக்காரர். எட்டு வருடமாக அவர் படம் எடுத்து வர, இவன் அவருடைய மூச்சில் இரண்டு நொடியை எடுத்து, இதுதான் குப்பை என்று கம்ப்யூட்டருக்குக் காட்டிக்கொடுப்பான். அது பதிவு முழுக்கத் தேடிப் பெருக்கிவிடும். "என்னைப் பெருக்கறதுதான் உனக்கு முழுநேர வேலை மாப்ள" என்பார் அத்தான்.

இது அவருடைய கடைசி வீடியோ. அன்று இவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தான். "மூச்சு முட்டுது மாப்ள. பையில பம்ப் இருக்கு, எடு" என்று அத்தான் சொன்னது தெளிவாகவே கேட்டது. பதிவு கெடுகிறதே என்ற எரிச்சலில், "கொஞ்சம் பொறுங்க, பேச்சு முடியட்டும்" என்றான். பேச்சு பதினோரு நிமிடம். ஸ்டாண்டில் கேமரா இம்மியும் அசையவில்லை, அத்தான்தான் சாய்ந்துகிடந்தார்.

அக்காவிடம், தான் அப்போது வெளியே லைட் வயர் இழுத்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவைத்தான். அவளும் நம்பினாள். இன்று மத்தியானம் புருஷனின் கடைசி வேலையைப் பார்க்க வருகிறாள். அதற்குள் அந்த இரண்டு வரியும் போயாக வேண்டும்.

நான்காவது முறை. ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தினான். சூடேறிய பிளாஸ்டிக் வாடைக்கு நடுவே, யாரோ இப்போதுதான் அடித்ததுபோல் பம்ப் மருந்தின் கசப்பு. இந்தமுறை தன் குரலிலேயே இரண்டு நொடியைப் பிடித்து, இதுதான் குப்பை என்று காட்டிப் பட்டனை அழுத்தினான்.

சுத்தமான அமைதி.

ஹெட்போனைக் கழற்றிப் பெருமூச்சு விட்டான். கேட்கவில்லை. இருமினான். கேட்கவில்லை. நாற்காலியை இழுத்தான், கிறீச்சிட்டது. காது நன்றாகத்தான் இருந்தது.

அவன் சத்தம்தான் போயிருந்தது.

அக்கா வந்தாள், அத்தானின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. "என்னடா வேர்த்துக் கொட்டுது?" என்றாள். வாயசைத்தான். பதில் வராததால் அவளே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டி, ஓடவிட்டாள். அவன் அழித்த குரலே, "கொஞ்சம் பொறுங்க, பேச்சு முடியட்டும்" என்று அதிலிருந்து கசிந்தது.

அவனுக்கு நெஞ்சு இறுகியது. காற்று உள்ளே போகவில்லை. அக்கா என்று கத்தினான். சத்தமில்லை. பை. பம்ப். கையை நீட்டிப் பையின் வாரைப் பிடித்து இழுத்தான்.

அவள் திரும்பவில்லை. பையை மடிக்கு இழுத்துக்கொண்டு, ஜிப்பின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"கொஞ்சம் பொறு," என்றாள். "பேச்சு முடியட்டும்."

திரையில் இன்னும் பத்து நிமிடம் பாக்கி. அவள் காதோரம் ஹெட்போனிலிருந்து கசிந்துகொண்டிருந்தது அத்தானின் மூச்சு. நிதானமாக. ஆழமாக. இரைப்பே இல்லாமல்.