படுத்து எடுத்த படம்

சுற்றி முந்நூறு கிலோமீட்டருக்கு எக்ஸ்ரே எடுக்க நான் ஒருத்திதான். சிவப்பு மண்ணில் ஒரு தகரக்கூரை ஆஸ்பத்திரி, ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், கணக்கில்லாத ஈக்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, இப்ப விடுங்க" என்பதைத் தவிர வேறெதுவும் பேசாமலே எனக்குப் பல நாள் போய்விடும்.

அன்று மத்தியானம் மதுக்கடை நடத்தும் ஜாய்ஸ் பெண்டரைக் கொண்டுவந்தார்கள். கங்காரு குறுக்கே பாய்ந்து, கார் உருண்டு, ஸ்டீயரிங் நெஞ்சில் இடித்திருந்தது.

"அந்தச் சனியன் குதிச்சு ஓடிடுச்சு. நான்தான் மாட்டிக்கிட்டேன், மொய்ரா," என்று முனகினாள்.

படுக்க வைத்தே படம் எடுத்தேன். இரண்டு நுரையீரலுக்கும் நடுவே வெள்ளை நிழல் அகன்று தெரிந்தது.

டாக்டர் லாக்லன் அசரவில்லை. "படுத்தா எல்லாருக்கும் நடுநெஞ்சு பெருசாத்தான் தெரியும். நாளைக்குப் பார்ப்போம்."

போன வருடம் இதையேதான் நான் சொன்னேன், வேலி போடும் கிளாரி நோக்ஸ் விஷயத்தில். படுத்து எடுத்த படம்தானே என்று எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனேன். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்து, அந்த அறையிலேயே தனியாகச் செத்துக் கிடந்தார். பாவி நான்.

"உட்கார வச்சு இன்னொண்ணு எடுக்கிறேன், டாக்டர்."

"சீக்கிரம். வேற நோயாளிக்காக வந்த ஆம்புலன்ஸ் விமானம் இன்னும் பத்து நிமிஷந்தான் நிக்கும்."

ஜாய்ஸை நிமிர்த்தினேன். சரிந்தாள். தலையணைகளை முட்டுக் கொடுத்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓடினேன்.

துருப்பிடித்த கம்பியின் வாடை வந்தது.

தலையணை ஒன்று கீழே விழுந்தது.

ஜாய்ஸ் விழவில்லை. நேராக நிமிர்ந்தாள்.

பட்டனை அழுத்தினேன்.

உட்கார்ந்த படத்திலும் நிழல் அதே அகலத்தில் இருந்தது. லாக்லன் முகம் வெளிறி விமானத்தை நிறுத்தச் சொன்னார். பிறகு என்மேல் பாய்ந்தார்.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? உன் கையும் படத்துல விழுந்திருக்கே!"

ஜாய்ஸின் தோள்களில் விரல் எலும்புகள். வலப்பக்கம் ஐந்து. இடப்பக்கம் மூன்று.

என் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். கிளாரியின் இடக்கையில் இரண்டு விரலை வேலிக்கம்பி எப்போதோ தின்றிருந்தது.

அடிலெய்டு பெரியாஸ்பத்திரியில் ஜாய்ஸுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பத்தாம் நாள் போன் செய்தாள்.

"பொழச்சுட்டேன்டி. என்னைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரே, அவருக்கு நன்றி சொல்லிடு. கை ஜில்லுன்னு இருந்துச்சு." குரல் தாழ்ந்தது. "உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார்."

"என்ன?"

"போறப்ப கதவைச் சாத்த வேண்டாமாம். தனியா இருக்க முடியலையாம்."

வாய்விட்டு அழுதேன். அன்று கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் பின்னால் காலடி கேட்டது. முதலில் நடையை எட்டிப் போட்டேன். ஆனாலும் அந்த வீட்டில் எனக்கும்தான் யார் இருக்கிறார்கள்?

வீட்டுக்குள் நுழைந்ததும், சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அது மெல்லக் கிறீச்சிட்டு, பாரம் தாங்கியது.