பந்தைப் பிடி... ஆளைப் பிடி!

"கொல்லுங்கடா அவனை!"

நடுவரைத்தான் சொன்னார்கள்.

சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் நாற்பதாயிரம் தொண்டைகள் ஒரே நேரத்தில் கொலை மிரட்டல் விடுத்தன. யாரும் பதறவில்லை. நடுவர் உட்பட.

ஆனால் அந்த நாற்பதாயிரத்தில் ஓர் ஆள் நிஜமாகவே கொலை செய்துவிட்டு வந்திருந்தது!

அந்த ஆளைத் தேடித்தான் வலது ஓரக் காலரியில் உட்கார்ந்திருந்தாள் டொரீன் வோய்சிக். மில்வாக்கி போலீஸ். துப்பறியும் பிரிவு. மாறுவேஷம்... சிகாகோ அணியின் நீலச் சட்டை.

சட்டை அரித்தது. பிறந்ததிலிருந்து அவள் இன்றைய எதிரணியான மில்வாக்கியின் ரசிகை. அந்த நீலத்தில் தரைகூடத் துடைத்ததில்லை.

செல்போன் துடித்தது.

"வோய்சிக்! என் வியூகம் கச்சிதமா போய்க்கிட்டிருக்கு."

கேப்டன் பிரெஸ்காட். சிகாகோ போலீஸ். தும்மினால்கூடப் பதவியேற்பு உரை மாதிரி தும்முகிறவர்.

"எங்க சார் இருக்கீங்க?"

"மேல, ஏசி பாக்ஸ்ல. உயரத்துலேர்ந்து பார்த்தாத்தான் வியூகம் தெரியும்."

"மெல்லுற சத்தம் கேக்குதே சார்... வியூகம் இறாலா, கோழியா?"

கேப்டன் அவசரமாக விழுங்கினார்.

"விஷயத்துக்கு வாங்க. காலைல உங்க ஊர்ல ஏர்ல் டிட்மர் மண்டைல அடி வாங்கிச் செத்தாரு. பர்ஸ் பத்திரமா இருக்கு. காணாமப் போனது இந்த மேட்ச் டிக்கெட் மட்டும்தான். கடைசி நாலு நம்பர் 4077. வாசல்ல பதிவாயிருக்கு, ஆள் உள்ளதான் இருக்கான். காலரிங்கறதால சீட் நம்பர் கிடையாது."

"ஐயாயிரம் பேர் சார்."

"அதுல ஒருத்தன் மட்டும் நீலச் சட்டைக்குள்ள ஒளிஞ்சிருக்கற மில்வாக்கிக்காரன். அவன்தான் கொலைகாரன். வேற எந்த மில்வாக்கிக்காரன் சிகாகோ காலரிக்கு வருவான்? எப்படி என் மூளை?"

"வாசல்ல ஒவ்வொரு டிக்கெட்டா பார்த்தா என்ன?"

"கலவரமாயிடும். அவனும் டிக்கெட்டைக் கிழிச்சு வாயில போட்டுக்குவான். ஆட்டம் முடியறதுக்குள்ள பிடிங்க. தப்பிச்சுட்டா பொறுப்பு உங்களோடது!"

பிடித்தே ஆக வேண்டும். கேப்டனுக்காக அல்ல. ஏர்ல் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர். இருபது வருடம் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரே ரேடியோவில் தோல்விகளைக் கேட்டவர்கள்.

பக்கத்தில் முகமெல்லாம் நீலச் சாயம் பூசிய தடியன் எழுந்து நின்று கத்தினான். "டேய் மில்வாக்கி! மட்டையைத் தலைகீழா பிடிங்கடா... அப்பவாவது படும்!"

டொரீன் பல்லைக் கடித்தாள்.

"என்னக்கா, கத்தவே மாட்டேங்குறீங்க?" வேர்க்கடலையை நீட்டினான்.

"தொண்டை கட்டிருச்சு தம்பி."

முன்வரிசையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அறுபது வயது அம்மாள் திரும்பினாள். "இந்தாம்மா, இருமல் மிட்டாய். சப்பிக்கோ."

ஏழாவது இன்னிங்ஸ். மில்வாக்கி வீரன் மட்டையைச் சுழற்றினான்.

டொக்!

பந்து எழுந்தது... பறந்தது... வேலியைத் தாண்டியது... டொரீனின் உள்ளங்கையில் வந்து அறைந்தது!

ஹோம் ரன்!

"எறி! எறி! எறி!"

காலரி அலறியது. அந்தக் காலரிக்கு ஒரே சட்டம். எதிரணி அடித்த பந்தைப் பிடித்தால் மைதானத்துக்குள்ளேயே திருப்பி எறிய வேண்டும். வைத்துக்கொண்டால் பீர் அபிஷேகம்!

காதிலிருந்த இயர்போன் கத்தியது. "எறிங்க வோய்சிக்! வேஷம் கலைஞ்சுரும்!"

டொரீன் கையை ஓங்கினாள்.

கடமை தோளைத் தள்ளியது. விரல்கள் மறுத்தன. மில்வாக்கி பந்து அல்லவா!

சட்டென்று ஒரு பிடி அவள் மணிக்கட்டில்!

கடலைத் தடியன். நீலச் சாயத்தில் கண்ணீர் கோடு போட்டது.

"எறியாதீங்கக்கா... நம்ம ஆளு அடிச்ச பந்துக்கா!"

நம்ம ஆளு!

"சார்... சிக்கிட்டான்!" விலங்கைத் தேடியது டொரீனின் இடது கை.

"வேணாம்மா, எறியாதே!" முன்வரிசை ஸ்வெட்டர் அம்மாள்.

"எறிஞ்சே... கை விளங்காது!" பின்வரிசைத் தாடிக்காரர்கள் இருவர்.

"கர்த்தர் மன்னிக்க மாட்டாரு மகளே!" வெள்ளைக் காலர் வைத்த பாதிரியார். கூடவே அவருடைய டிரைவர்.

மொத்தம் ஆறு பேர். எல்லார் மேலும் நீலம். உள்ளே எல்லாரும் மில்வாக்கி!

"சார், வேற எவன் வருவான்னு கேட்டீங்களே... ஒரு வேன் நிறைய வந்திருக்காங்க."

மறுமுனையில் கேப்டனுக்குப் புரையேறியது.

டொரீன் ஒரு கணம் யோசித்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சரி. இது உங்கள்ல ஒருத்தருக்கு. ஆனா பந்தை மட்டும் அலமாரில வெச்சா கடைல வாங்கினதுன்னுவாங்க. பக்கத்துல இன்னிக்கு டிக்கெட்டும் இருக்கணும். யார் டிக்கெட் கசங்காம இருக்கோ, பந்து அவங்களுக்கு!"

வெறி பிடித்த ரசிகன் எதைத் தொலைத்தாலும் டிக்கெட்டைத் தொலைக்க மாட்டான். ஆறு டிக்கெட்டுகள் நீண்டன. தடியனுடையதில் கடுகுச் சாஸ். பாதிரியாருடையது பைபிளுக்குள்ளிருந்து வந்தது.

ஒன்று மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள்... மடிப்புகூட இல்லாமல்...

4077!

நீட்டிய கையில் கம்பளி நூல் சுற்றியிருந்தது.

"நீங்களாம்மா?!"

ஸ்வெட்டர் அம்மாளின் கண்கள் பந்தைவிட்டு நகரவில்லை. டொரீன் மறு கையில் போலீஸ் அடையாளத்தைக் காட்டியபோதும்!

"என் பேரு மெர்னா. ஏர்லோட பழைய சிநேகிதி. பத்து வருஷமா, 'அடுத்த தடவை உன்னைக் கூட்டிட்டுப் போறேன்'னான். இன்னிக்குக் காலைல, 'பொம்பளைக்கு எதுக்கு மேட்ச்?'னான்."

"எதால அடிச்சீங்க?"

"பேட்டாலதான். வேற எதால?"

க்ளிக்! விலங்கு பூட்டியது. பந்து டொரீனின் பாக்கெட்டுக்குள் போனது. அடுத்த நொடியே நாலா பக்கமிருந்தும் பீர் மழை!

நனைந்துகொண்டே கேட்டாள் மெர்னா. "எவ்வளவும்மா கிடைக்கும்? ஆயுள் தண்டனையா?"

"ஆமா."

மைதானத்தில் மில்வாக்கி வீரன் கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிட்டான்.

டொரீன் பெருமூச்சுவிட்டாள்.

"இந்த டீமுக்கு எத்தனை வருஷமா ரசிகை?"

"நாப்பது."

"ஜட்ஜ்கிட்ட சொல்றேன்... அதைக் கழிச்சுக்கட்டும்!"