அறுந்த இடம்

லிஃப்ட் ஓடவில்லை. மழையில் பாதி நனைந்து, தோளில் ஐஸ் பெட்டியோடு ஓடி வந்தவளுக்குக் கதவில் தொங்கிய ‘பழுது பார்க்கப்படுகிறது’ அட்டையைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. அவளுடைய ஆய்வகம் ஆறாவது மாடியில்.

“யாருங்க உள்ள? இன்னிக்குத்தானா இதைக் கழட்டணும்?”

திறந்திருந்த கதவுக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பியது. அடித்தளத்தில் நின்ற லிஃப்டின் கூரைமேல் ஏறி வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக். அவன் கண்கள் தரை மட்டத்தில் இருந்தன. முதலில் அவளுடைய ஈரச் செருப்பைப் பார்த்தான். பிறகு பெட்டியை. பிறகு... இமையில் மழைத்துளி சொட்டச் சொட்ட முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பெரிய கண்களை. அதற்குமேல் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான்.

“ரெண்டு மணி நேரம் ஆகும் மேடம்.”

“இது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.”

அவன் மறுபேச்சில்லாமல் மேலே ஏறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கித் தோளில் மாட்டினான். மூன்றாவது மாடி திரும்பும்போது உள்ளே என்ன என்று கேட்டான். உடலைத் தானம் செய்துவிட்டு இறந்த ஒருவருடைய குதிகால் தசைநார் என்றாள். அவன் சட்டென்று நின்றான். பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டான். மீதி மூன்று மாடியும் பேசாமல் ஏறினான். அவள் அதைக் கவனித்தாள்... கவனிக்காதவள்போல முன்னால் நடந்தாள்.

தசைநார் அறுந்தவர்களுக்குப் பொருத்த ஒரு செயற்கை நார் செய்வதுதான் அவர்கள் ஆராய்ச்சி. அதற்கு, மனித நார் எவ்வளவு இழுவை தாங்கும் என்று முதலில் தெரிய வேண்டும். இரண்டு முனைகளையும் இரும்புப் பிடிகள் கவ்விக்கொள்ள, இயந்திரம் மெல்ல மெல்ல இழுக்கும். அறுகிற கணத்தின் எண்ணை அவள் குறித்துக்கொள்வாள்.

பார்க்கலாமா என்று அவன் வாசலில் நின்றபடி கேட்டான். தலையசைத்தாள். நார் அறுந்தது. அவள் பேனாவை எடுத்தாள்.

“மேடம்... இது கணக்குல வராதுங்க.”

“ஏன்?”

“பிடிக்குப் பக்கத்துல அறுந்திருக்கு பாருங்க. லிஃப்ட் கயிறு செய்யற இடத்துல நாலு வருஷம் இருந்தேன். அங்கயும் இப்படித்தான் இழுத்துப் பார்ப்போம். நடுவுல அறுந்தா அது கயிறோட பலம். ஓரத்துல அறுந்தா பிடி கடிச்சிருக்குன்னு அர்த்தம்.”

மூன்று வருட உழைப்பு அவளுடையது. முகம் சிவந்துவிட்டது. “நீங்க லிஃப்டைப் பாருங்க. இதை நாங்க பார்த்துக்கறோம்.”

தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னிக்கச் சொல்லிவிட்டு அவன் இறங்கிப் போனான்.

அன்று மதியமே அவள் இதுவரை அறுந்த நார்களின் படங்களையெல்லாம் திறந்து பார்த்தாள். மொத்தம் முப்பத்தொரு நார்கள். இருபத்திரண்டு, பிடியோரமாக அறுந்திருந்தன. அந்த எண்களை நம்பிச் செய்கிற நார், மாடிப்படி ஏறும் யாரோ ஒருவரின் காலில் ஒருநாள் விட்டுப்போகும். ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியையிடம் ஓடினாள். அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இருபத்திரண்டையும் அடித்துவிடச் சொன்னார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார்.

“நான்தான் மேடம்,” என்றாள்.

ஒரு லிஃப்ட் மெக்கானிக் என்று சொல்ல நாக்கு வரவில்லை... அவ்வளவுதான்.

பிடிக்குள் ரப்பர் வைத்துப் பார்த்தாள். வழுக்கியது. உப்புத்தாள் வைத்தாள். அடுத்த வாரம் வந்த நார், அதே ஓரத்தில் அறுந்தது. தன் வீம்புக்கு ஒரு மனிதர் விட்டுச்சென்ற தானம் வீணாகிவிட்டதே என்று அன்றுதான் உறைத்தது. பேராசிரியையிடம் போய் உண்மையைச் சொன்னாள். இதை என்னிடம் சொல்லி என்ன பயன், அவரிடம் போய்ச் சொல் என்றார் அவர்.

லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் அடித்தாள். என்ன கோளாறு என்று கேட்டது அவன் குரல்.

“லிஃப்ட்ல இல்லீங்க... எங்கிட்டதான்.”

வந்தான். அவன் சொன்னதைத் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டதை மறைக்காமல் சொன்னாள்.

“உங்ககிட்ட உதவி வேற வேணும். கேக்க வாய் கூசுது,” என்றாள்.

“கூசற வாய் இவ்வளவு பேசுதே...” என்றான். கோபம் இருந்ததா என்று நிமிர்ந்து பார்த்தாள். இருந்தது. ஓரமாக ஒரு சிரிப்பும் இருந்தது.

கயிற்றை நேராகக் கவ்வக் கூடாது, ஒரு ஆப்பைச் சுற்றி வளைத்துப் பிடிக்க வேண்டும் என்று காட்டினான். ஏற்கெனவே எனக்கு ஒரு ஆப்பு வைத்துவிட்டீர்கள், இது இரண்டாவதா என்றாள் அவள். ஒரு மாதம், அவனுடைய சாப்பாட்டு வேளைகள் எல்லாம் ஆறாவது மாடியில் கழிந்தன. ஆப்பை நான்கு தடவை மாற்றிச் செய்தார்கள். ஐந்தாவதில், நார் சரியாக நடுவில் அறுந்தது. இருவரும் ஒரே சமயத்தில் மூச்சை விட்டார்கள். ஆய்வறிக்கையில் அவன் பெயரையும் சேர்த்தாள்.

அதோடு அவன் வருவது நின்றுபோனது.

வேலை முடிந்தது, ஆள் போயாயிற்று. இதில் என்ன இருக்கிறது? அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்... மூன்று நாள். நான்காம் நாள், தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவளிடம் உடம்புக்கு என்ன என்று அப்பா கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். பத்தாம் நாள், அவன் வேலை செய்யும் கட்டடத்தை விசாரித்துக்கொண்டு, தூறலில் நனைந்தபடி போய் நின்றாள்.

கருவிப் பையைக் கட்டிக்கொண்டிருந்தவன் எழுந்துவிட்டான்.

“ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு வர்றீங்களா? அப்பா இருப்பாரு.”

“என்னன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவீங்க?”

“நான் கட்டிக்க நெனைக்கிறவர்னு.”

அவன் அவளையே பார்த்தான். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை.

“அங்க வந்தா கேட்டுடுவேனோன்னுதான் வராம இருந்தேன்,” என்றான் மெதுவாக. “இவ்வளவு படிச்சவங்ககிட்ட நான் எப்படி வந்து கேக்கறது...”

“பக்கத்துலதான் நிக்கறேன். இப்பக் கேளுங்க.”

கேட்டான்.